இழுத்து விடும் படமும் எழுதாமல் விடும் சொல்லும்

தமிழ் மன்றம் ஒன்றின் செயலாளர், பொங்கல் விழாச் செய்தியை மன்றத்தின் இணையத்தளத்தில் எழுதுகிறார் எனக் கொள்வோம். மூன்று பத்திகள் எழுதிய பின், கோலமிடும் சிறுமியரின் படத்தைத் திரையின் ஓரத்திலிருந்து சுட்டியால் இழுத்து வந்து, இரண்டாம் பத்தியின் கீழ் விடுகிறார். படம் அங்கே அமர்ந்துகொள்கிறது. நொடிப்பொழுதில் முடியும் இச்செயலுக்குப் பின்னால், நிரலாளர் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டிய முடிவுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று நம் மொழியோடு நேரடித் தொடர்புடையது. அப்படம் சென்ற வழியைப் படிப்படியாகப் பின்பற்றி, அந்த ஒன்றை நாம் வந்தடைவோம்.

வந்த வழி

உலாவிக்குள்ளேயே எழுதவும் திருத்தவும் இடமளிக்கும் மென்பொருளை உரைத்திருத்தி என்கிறோம். இணையப் பக்கத்தில் படத்தை இடுவதற்கான குறியைத் தாம் அமைக்க எண்ணியிருப்பதாக 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்டிரீசன் முன்மொழிந்தார். இழுத்து விடும் வசதி, 1999இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் இடம்பெற்றது. பக்கத்தின் ஒரு பகுதியையே எழுதும் தாளாக மாற்றும் வசதி அடுத்த ஆண்டில் அதன் 5.5 பதிப்போடு வந்தது. எனினும், பயனரின் கணினியில் உள்ள கோப்பை இழுத்து வந்து, இணையப் பக்கமே அதைப் படிக்கும் நிலை பின்னரே கைகூடியது. 2010இல் ஜிமெயில், கடிதத்தின் உடலுக்குள் படத்தை இழுத்து விடும் வசதியை அளித்தபோது, இது பொதுமக்களின் அன்றாடப் பழக்கமாகத் தொடங்கியது.

படம் விழும் கணம்

கோப்பு ஒன்று உரைத்திருத்தியின் எல்லைக்குள் நுழைதல், அதன்மேல் நகர்தல், அங்கே விடப்படுதல் என்னும் மூன்றையும் உலாவி தனித்தனி நிகழ்வுகளாக அறிவிக்கிறது. நிரல் குறுக்கிடாவிட்டால், உலாவி தன் இயல்புப்படி அப்படத்தைத் தனியே திறந்து காட்ட முற்படும். சில வேளைகளில், எழுதிக்கொண்டிருந்த பக்கத்தின் இடத்தையே அப்படம் பிடித்துக்கொள்ளும். சேமிக்காத மூன்று பத்திகளும் அதனால் மறைந்துபோகக்கூடும். ஆகவே அவ்வியல்பைத் தடுப்பதே நிரலின் முதற்கடமை. படம் நகரும்போதும் விடப்படும்போதும், ஆக இருமுறை, அதைத் தடுக்க வேண்டும். முதல் தடையை மறந்த நிரலில், விடப்பட்டது என்னும் நிகழ்வே எழாது.

அடுத்து, சுட்டி நின்ற இடம் எந்த இரு எழுத்துகளுக்கு இடைப்பட்டது என்று கணிக்க வேண்டும். படம் சென்று சேரும் வரை அவ்விடத்தில் ஓர் அடையாளச் சட்டகத்தைக் காட்டுவது நல்லது. அது இல்லாவிடின், எழுதுவோர் ஐயுற்று அதே படத்தை இரண்டாம் முறையும் இழுத்து விடுவார்.

எங்கே தங்குவது

படத்தை வைக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, படத்தின் தரவை எழுத்துகளாக மாற்றி உரைக்குள்ளேயே பொதிந்துவிடுவது. இம்முறையில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகும். 3 மெகாபைட் படம் 4 மெகாபைட்டாகப் பருக்கும். செயலாளர் ஐந்து படங்களை இட்டால், ஒரு பக்கச் செய்தி 20 மெகாபைட் சுமையைத் தாங்க நேரும். மற்றொன்று, படத்தைச் சேவையகத்திற்கு அனுப்பி, அது தரும் முகவரியை மட்டும் உரையில் குறிப்பது. சிறு குறிப்புக்கு முதல் வழி தகும். இணையத்தளத்திற்கு இரண்டாவதே ஏற்றது.

சேவையகம் காவற்பணியையும் ஆற்ற வேண்டும். கோப்பின் பெயர் ஈறு படம் என்று சொல்வதால் மட்டும் அது படமாகிவிடாது; உள்ளடக்கத்தைச் சோதித்தே ஏற்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்துள், எடுத்த இடத்தின் புவியியல் ஆயங்களும் பதிந்திருக்கக்கூடும். சிறுமியரின் படத்தோடு அவர்கள் வீட்டின் இருப்பிடமும் உலகுக்குச் செல்லாதவாறு, அத்தகவலை நீக்கிய பின்னரே வெளியிட வேண்டும்.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பு

கோப்புக்குத் தமிழில் பெயரிடுவோர் ஓர் இடரைச் சந்திப்பதுண்டு. ஒருங்குறியில் ‘படம்’ என்னும் சொல் நான்கு குறியீடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் மூன்று பைட். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக எழுதப்படும். ஆகவே அச்சிறு சொல் 36 குறிகளாக நீள்கிறது. மேலும், ‘கொடி’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். இவற்றை ஒருமைப்படுத்தாத தளத்தில், ஏற்றிய படத்தையே காணவில்லை என்னும் நிலை எழும். சேவையகமே கோப்புக்கு எளிய புதுப்பெயர் சூட்டி, தமிழ்ப் பெயரைத் தனியே காப்பது இதற்குத் தீர்வாகும்.

எழுதாமல் விடும் சொல்

இனி, முதலில் குறிப்பிட்ட அந்த ஒன்றுக்கு வருவோம். பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் இணையப் பக்கத்தைச் செவிவழி அறிகின்றனர். படம் வரும் இடத்தில் அது வாசிப்பதற்கென எழுதப்படும் விளக்கமே மாற்றுரை. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 தரம் ஒவ்வொரு படத்திற்கும் இதைக் கட்டாயமாக்கியது. பழைய முறையில், படத்தைச் சேர்க்க ஒரு படிவம் திறக்கும். அதில் மாற்றுரைக்கென ஒரு கட்டமும் இருக்கும். இழுத்து விடும் முறையில் படிவமே இல்லை. ஆதலின், கேட்பாரற்று அச்சொல் விடுபட்டுப்போகிறது. சில உரைத்திருத்திகள் கோப்பின் பெயரை அவ்விடத்தில் நிரப்பிவிடுகின்றன. அப்போது பார்வையற்ற வாசகர் காதில் விழுவது கோலமன்று. ஏதோ ஓர் எண்ணும் சில ஆங்கில எழுத்துகளுமே.

படம் அமர்ந்தவுடன் அதன் கீழ் ஒரு சிறு கட்டம் திறந்து, ‘இப்படத்தைச் சொல்லால் கூறுக’ என வேண்டுவது நன்று. வெறும் அலங்காரப் படமாயின் அவ்வாறே குறிக்கவும் வழி இருக்க வேண்டும். ‘கோலம்’ என ஒரு சொல்லில் நிறுத்துவதினும், ‘சிறுமியர் மூவர் அரிசிமாவால் புள்ளிக்கோலம் இடுகின்றனர்’ என்பது படத்தை நிறைவாகத் தருகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பல தளங்களின் அடிப்படை மொழி ஆங்கிலமாக அமைந்திருப்பதால், மாற்றுரை தமிழ் என்பதையும் நிரல் குறித்துவைக்க வேண்டும். குறிக்காவிடின், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று தடுமாறும்.

இழுத்தலே இயலாத கைகளும் உண்டு. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 அணுகல் வழிகாட்டி, இழுத்துச் செய்யும் செயலை இழுக்காமலும் செய்ய இயல வேண்டும் என்கிறது. ஆகவே, ‘படம் சேர்’ என்னும் பொத்தான் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

இறுதியாக, நம் பழக்கம் ஒன்றையும் நாம் சீர்தூக்க வேண்டும். குறியீட்டு முறைகள் ஒருமைப்படாத தொண்ணூறுகளில், தமிழ்ச் சொற்களைப் படமாகவே பக்கத்தில் இட்டோர் உண்டு. அந்நிலை மாற வேண்டும் என்று அறிஞர்கள் உழைத்தனர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாடு அம்முயற்சியில் ஒரு மைல்கல். இன்று ஒருங்குறி எங்கும் பரவியபின்னும், நிகழ்ச்சி அழைப்பிதழைப் படமாக இழுத்து விட்டுவிட்டு, நாளும் நேரமும் இடமும் அதனுள் அடங்கிவிட்டன என நாம் அமைதி கொள்கிறோம். அப்படத்திலுள்ள தமிழைத் திரைவாசிப்பானால் படிக்க இயலாது; தேடுவோர்க்கும் அது எளிதில் அகப்படாது; கைப்பேசியில் பெருக்கினால் எழுத்து மங்கும். அழைப்பிதழை இடுவோம், அதன் கீழே அச்செய்தியை எழுத்தாகவும் தருவோம்.

நிரலாளர் அக்கட்டத்தைத் திறந்து வைக்கட்டும். அதை நிரப்பும் தமிழ் வாக்கியம் நம் கையில் உள்ளது.