பட்டியலில் ஏறும் பெயரும் களத்தில் இறங்கும் பிள்ளையும்

இளையோர் விளையாட்டு அணியொன்றின் வீரர் பட்டியல் என்பது, ஒரு பருவம் முழுவதும் அந்த அணிக்காக ஆடத் தகுதி பெற்ற பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், படிக்கும் வகுப்பு, அணியில் ஏற்கும் பொறுப்பு ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் ஆவணமாகும். ஆட்ட நாளன்று நடுவரிடம் கொடுக்கப்படும் பதினொருவர் சீட்டு இந்தப் பட்டியலிலிருந்து பிறப்பதேயன்றி, அதுவே பட்டியலாகிவிடாது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் பள்ளி அணியையோ லீக் கிளப்பையோ கோடை முகாமையோ நடத்துவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடும்போது, அடுத்த ஆட்டத்தை வெல்லத் தேவையானவர் யார் என்ற ஒரே கேள்வியால் பட்டியல் நிரம்பிவிடுகிறது. இந்தப் பருவத்தில் எத்தனை பிள்ளைகள் உண்மையில் ஆடப்போகிறார்கள் என்ற கேள்வி எழுப்பப்படாமலே போகிறது. இளையோர் அணியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பதற்கு சென்னையின் விளையாட்டு வரலாறே சான்று தருகிறது.

1846-இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், ஐரோப்பியர்களுக்கே உரிய சங்கமாக இருந்தது. சேப்பாக்கத்துக்கு ஆட வந்த இந்தியர்கள் அதன் ஓய்வுக்கூடத்துக்குள் அனுமதிக்கப்படாமல், மரத்தடியில் அமர்ந்து உண்ணவும் உடை மாற்றவும் வேண்டியிருந்தது. இந்த அவமதிப்பை நேரில் கண்டவர், மயிலாப்பூர் லஸ் ஹவுஸ் மாளிகையில் வாழ்ந்த எம். புச்சிபாபு நாயுடு. 1868-இல் பிறந்த அவர், இருபது வயதில், அதாவது 1888-இல், இந்திய இளைஞர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, எஸ்பிளனேடு பகுதியில் ஆடுகளம் பெற்று, மட்டை முதல் உடை வரை வேண்டியவற்றைத் தம் செலவில் வழங்கி, ஆட்டத்தையும் கற்பித்தார். ஐரோப்பியர் அணியை எதிர்த்து இந்தியர் அணி ஆடும் மாகாண ஆட்டத்துக்கு வழி வகுத்த அவர், அது நடைபெறுவதற்குச் சற்று முன்னர் 1908-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய புச்சிபாபு நினைவுப் போட்டி இன்றளவும் நடைபெறுகிறது. அவர் மகன்களுள் ஒருவரான சி. ராமசாமி, டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், பின்னர் 1936-இல் நாற்பது வயதில் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

புச்சிபாபுவின் பணியில் இன்றைய அணிப் பொறுப்பாளர்கள் கருத்தூன்ற வேண்டிய கூறு ஒன்றுண்டு. இருக்கிற அணியொன்றில் இந்தியர் சிலருக்கு இடம் கேட்டுப் பெறுவதோடு அவர் நின்றுவிடவில்லை; இடமற்றோருக்காக வேறோர் அணியையே உருவாக்கினார். பின்னர் சென்னையில் வளர்ந்த லீக் முறையும் இதே போக்கில்தான் விரிந்தது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக், முதற் பிரிவு தொடங்கிக் கீழ்ப் பிரிவுகள் வரை படிப்படியாக அமைந்திருப்பதால், மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப் போன்ற பழைய சங்கங்களுக்கு மேலே இடம் இருப்பதைப்போல, தெருப்பையன்கள் சேர்ந்து அமைத்த கிளப்புக்கும் கீழே ஓர் இடம் கிடைத்தது. ஆடுவோர் பெருகும்போது பட்டியலை நீட்டாமல் அணிகளைப் பெருக்குவது என்ற இந்த வழக்கமே சென்னைக் கிரிக்கெட்டின் ஆழத்துக்குக் காரணம் என்று கொள்ளலாம்.

பட்டியலின் நீளம் எல்லா விளையாட்டிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. கூடைப்பந்தில் ஐவர் ஆட, பட்டியலில் பன்னிருவர் இருந்தாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ள விதி இடம் தருவதால், மனமுள்ள பயிற்சியாளர் அனைவரையும் ஒரே ஆட்டத்தில் களமிறக்கிவிட முடியும். கபடியில் எழுவர் ஆட ஐவர் வெளியே காத்திருந்தாலும், அவர்களை ஆட்டத்தின் நடுவே மாற்றி இறக்க வழியுண்டு. கிரிக்கெட்டில் நிலைமை வேறு: பன்னிரண்டாம் ஆள் களத்தடுப்புக்கு இறங்கலாமேயன்றி, தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வருவது போன்ற விதிவிலக்குகள் தவிர, மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ அவருக்கு உரிமை இல்லை. பதினெட்டுப் பெயர்கள் கொண்ட பள்ளிக் கிரிக்கெட் பட்டியலில் எழுவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் வெளியே அமர்கின்றனர். முப்பது ஓவர் ஆட்டமாயின், களமிறங்கிய பதினொருவருள்ளும் எட்டாவது ஒன்பதாவது இடத்தில் ஆடுபவருக்கு மட்டையும் கிட்டாமல் பந்தும் கிட்டாமல் போவதுண்டு. வாரம் ஐந்து நாள் விடியற்காலையில் நெட் பயிற்சிக்கு வந்து, ஞாயிறு முழுவதும் தண்ணீர்ப் புட்டி சுமக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஆட்டத்தைக் கற்பதில்லை. தனக்கு ஆட்டம் வராது என்பதையே கற்கிறான். ஆகவே கிரிக்கெட் அணிக்குப் பதினான்கு அல்லது பதினைந்து பெயரே மேல் எல்லையாக இருத்தல் நன்று.

அடுத்து வருவது வயது. பட்டியல் தயாரிப்போர் அதிகம் இடறுவது இங்கேதான், ஏனெனில் ஒவ்வோர் அமைப்பும் வயதைக் கணக்கிடும் முறை வேறுபடுகிறது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிக்கப்பட, இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமோ 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சன்ட் கோப்பையையும் 19 வயதுக்கு உட்பட்டோருக்குக் கூச் பெஹார் கோப்பையையும் நடத்தி, செப்டம்பர் 1-ஆம் நாளை வயது கணக்கிடும் நாளாகக் கொள்கிறது. பிறப்புச் சான்றிதழில் தில்லுமுல்லு நேர்வதைத் தடுக்க, அவ்வாரியம் எலும்பு வயதுச் சோதனையையும் மேற்கொள்கிறது. டானர்–ஒயிட்ஹவுஸ் மூன்றாம் முறை எனப்படும் இச்சோதனையில், இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து, எலும்புகளின் வளர்ச்சி நிலையிலிருந்து உடலின் வயது மதிப்பிடப்படுகிறது. பிறந்த நாளைத் திருத்திய ஒரு சான்றிதழ், அச்சிறுவனை மட்டுமன்றி, அவனால் இடம் இழந்த நேர்மையான இன்னொரு சிறுவனையும் பாதிக்கிறது என்பதால், மூலச் சான்றிதழைப் பார்க்காமல் எந்தப் பெயரையும் பட்டியலில் ஏற்றக்கூடாது.

சான்றிதழ் சரியாக இருந்தாலும் வயதின் சிக்கல் முடிந்துவிடுவதில்லை. செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்ட் 25-ஆம் நாள் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். இருவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. பதின்மூன்று வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் தோள்வலிமையிலும் பெரிய வேறுபாடு. ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தோரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, ஜனவரி 1-ஐ வயதுக் கணக்கு நாளாகக் கொண்ட கனடாவின் பனி ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே மிகுந்திருப்பதைக் காட்டியது. முன்னே பிறந்தவன் பெரியவனாக இருப்பதால் தேர்வாகிறான், தேர்வானதால் நல்ல பயிற்சி பெறுகிறான், பயிற்சியால் உண்மையிலேயே சிறந்தவனாகிறான். பின்னே பிறந்தவனோ திறமை வெளிப்படும் முன்பே விலகிவிடுகிறான். இந்த விளைவு பின்னர் கால்பந்து உள்ளிட்ட பல விளையாட்டுகளிலும் கண்டறியப்பட்டது. இதற்கான மாற்று எளியது: தேர்வு நாளன்று பயிற்சியாளர் கையிலுள்ள தாளில் பெயர்களைப் பிறந்த மாத வரிசையில் எழுதிவைத்தால், தாம் தேர்ந்தது திறமையையா உயரத்தையா என்று அவரே சோதித்துக்கொள்ள முடியும்.

பெயருக்கு எதிரே எழுதப்படும் பொறுப்பையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. மேற்கு மாம்பலத்தின் ராமகிருஷ்ணபுரம் தெருவில் ஆடி வளர்ந்து, சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் பயின்ற ரவிச்சந்திரன் அஸ்வின், இளம் வயதில் தொடக்க மட்டையாளராகவும் மிதவேகப் பந்து வீச்சாளராகவும் இருந்தார். இடுப்புக் காயத்துக்குப் பின்னரே சுழற்பந்துக்கு மாறிய அவர், 106 டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகளுடன் 2024 டிசம்பரில் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார். அதே பள்ளியில் பயின்ற வாஷிங்டன் சுந்தரும் இளையோர் கிரிக்கெட்டில் முதன்மையாக மட்டையாளராக அறியப்பட்டுப் பின்னர் பந்து வீச்சால் இந்திய அணிக்குள் வந்தவர். பதினான்கு வயதில் ஒருவரை ஒரே பொறுப்பில் பூட்டிவைத்திருந்தால் இத்தகைய மாற்றங்களுக்கு இடமிருந்திராது. பருவத்தில் ஒருமுறையேனும் ஒவ்வொருவருக்கும் வேறொரு பொறுப்பைத் தந்து பார்ப்பதும், அதை ஸ்கோர் புத்தகத்தில் குறித்துவைப்பதும் பட்டியல் நிர்வாகத்தின் பகுதிதான்.

வேகப்பந்து வீச்சாளர்களின் உழைப்புக்கு மட்டும் பட்டியலில் தனிப் பத்தி வேண்டும். வளரும் முதுகெலும்பு மீண்டும் மீண்டும் அதே திருகலுக்கு உள்ளாகும்போது கீழ் முதுகில் அழுத்த முறிவு எனப்படும் நுண்விரிசல் ஏற்படுகிறது. இதைத் தவிர்க்கவே இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதல், 13 வயது வரையுள்ள வேகப்பந்து வீச்சாளர் ஒரு சுற்றில் 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர் எனவும், 14, 15 வயதுப் பிரிவினர் 6, 12 எனவும் வரம்பிட்டது. சென்னையில் ஒரே சிறுவன் காலையில் பள்ளிக்கும் மாலையில் அகாடமிக்கும் ஞாயிறன்று கிளப்புக்கும் வீசும் நிலை உள்ளதால், மூன்று இடத்துப் பந்துகளையும் கூட்டிக் கணக்கு வைப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் பெற்றோராக இருப்பதே பொருத்தம்.

பருவத்தைத் திட்டமிடுகையில் சென்னையின் நாட்காட்டி தன் விதிகளைத் தானே விதிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மைதானங்களை ஈரமாக்கிவிடுகிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் மார்ச்சில் பொதுத் தேர்வும் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களின் வெயிலில் நண்பகல் ஆட்டம் தீங்கானது. எனவே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளால் மட்டுமே நிரப்பப்பட்ட பட்டியல், பொங்கல் முடிந்ததும் குலைந்துபோகிறது. எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்பினரையும் கலந்து அமைத்தால் அணி நிலைப்பதோடு, அடுத்த ஆண்டுக்கான தலைமையும் உள்ளேயே உருவாகிறது.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என உயர்கின்றன. முதலமைச்சர் கோப்பைக்கும் தனிப் பதிவு உண்டு. இவற்றில் கிடைக்கும் சான்றிதழுக்குப் பின்னாளில் பெரும் மதிப்பு இருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடங்களும், அரசுப் பணியில் 3 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருப்பதால், பட்டியலில் ஒரு பெயர் விடுபடுவதோ எழுத்துப் பிழையுடன் பதிவதோ ஒரு குடும்பத்தின் வாய்ப்பையே பறித்துவிடக்கூடும். அதே காரணத்தால், ஆடாத பிள்ளையின் பெயரைச் சான்றிதழுக்காக மட்டும் நுழைப்பது ஆடிய பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகிறது. பட்டியல் பதிவுக்காகத் திரட்டப்படும் பிறப்புச் சான்றிதழையும் ஆதார் நகலையும் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் கண்ணிலும் படுமாறு பகிர்வது கைவிடப்பட வேண்டும். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் வசதி வேண்டுமே என்ற ஐயம் எழக்கூடும். தென்சென்னையின் கண்ணகி நகர் அதற்கு விடையாக நிற்கிறது. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றிய இப்பகுதியில் பயின்ற கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவராக ஆடினார். உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவர் குடியிருப்புப் பிள்ளைகளைச் சேர்த்து நாள்தோறும் ஆடவைத்ததன் விளைவு அது. கபடியில் வயதோடு எடை வரம்பும் உண்டு. அதற்காக வளரும் பெண் பிள்ளை சோற்றைத் தவிர்க்கும் நிலை வராதபடி, எடையையும் உணவையும் மாதந்தோறும் பட்டியலுடன் சேர்த்துக் கவனிப்பது பயிற்சியாளரின் கடமை.

தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஒரே மாலையில் பல ஆட்டங்கள் அருகருகே நடப்பதைப் பார்ப்போருக்கு, ஆடும் ஆசைக்கு இவ்வட்டாரத்தில் குறைவில்லை என்பது விளங்கும். குறைவாக இருப்பவை அந்த ஆசைக்கு இடம் தரும் அணிகளே. இரண்டாம் அணிக்கு இரண்டாம் மைதானம் தேவையில்லை. சனிக்கிழமை ஓர் அணியும் ஞாயிற்றுக்கிழமை மற்றோர் அணியும் அதே ஆடுகளத்தையும் அதே கிட்டையும் பயன்படுத்தலாம், அண்டைப் பள்ளியின் இரண்டாம் அணியோடு ஆட்டம் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வரும் ஜூனில் பள்ளி திறந்ததும் தேர்வு நடத்தவிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் கிளப் செயலாளர்களும், பதினைந்தாம் பெயரை எழுதி முடித்த இடத்தில் கோடு கிழித்து, பதினாறாம் பெயரை இன்னொரு தாளின் முதல் வரியில் எழுதத் தொடங்க வேண்டும்.