வால்வில் படியும் கால்சியம்: ஸ்டாட்டின் ஏன் தடுக்கவில்லை?

ரத்தக் குழாய் அடைப்பும் இதய வால்வுச் சுருக்கமும் ஒரே நோய்தானா? ஒண்ணுக்குப் போடுற மாத்திரை இன்னொண்ணுக்கும் போதுமா? தலைச்சோலை மேட்டுல ஏறும்போது மூச்சு வாங்கினா "வயசாயிடுச்சு"ன்னு விட்டுடற பெரியவங்க எங்க பக்கம் நிறைய. அதனாலதான் இதைத் தோண்ட ஆரம்பிச்சேன். நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர்க்காரன். படிச்சதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். நம் நாட்டில் இளம் வயதில் வரும் வால்வு நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றுகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு தன் வால்வையே தாக்குகிறது. இதுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தமில்லை. நெருக்கடியான வீடும் கவனிக்காத தொண்டை வலியும்தான் வில்லன்கள்.

வயதானவர்களுக்கு வருவது வேறு. பெருந்தமனி வால்வின் இதழ்களில் கால்சியம் படிந்து, அவை விறைத்து, வாசல் சுருங்குகிறது. இதன் ஆபத்துக் காரணிகளைப் பார்த்தால் மாரடைப்புப் பட்டியலை காப்பி-பேஸ்ட் பண்ணின மாதிரி இருக்கும்: வயது, புகை, உயர் ரத்த அழுத்தம், எல்டிஎல், ஆணாக இருப்பது. 1997-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 5,201 பேரைப் பார்த்தது. 26 சதவீதம் பேருக்கு வால்வு தடித்திருந்தது. 2 சதவீதம் பேருக்குச் சுருங்கியே இருந்தது. தடித்த வால்வு ரத்த ஓட்டத்தைத் தடுக்காதபோதும், அவர்கள் இதய நோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் அதிகம் என்று 1999-இல் தெரிந்தது. வால்வு அவர்களைக் கொல்லவில்லை. குழாய்களின் நிலையைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் தொடக்கம் ஒரே மாதிரி: எல்டிஎல் உள்ளே புகுகிறது, அழற்சி வருகிறது. அப்போ ஸ்டாட்டின் கொடுத்தா நிக்கணுமே? 2005-இல் சால்டயர், 2008-இல் 1,873 பேரை வைத்து சீஸ், 2010-இல் ஆஸ்ட்ரானமர் என மூன்று சோதனைகள். எல்டிஎல் நன்றாக இறங்கியது. வால்வு தன்பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டே போனது!

எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இது. தமனியில் ஆபத்து, கொழுப்புத் திட்டு உடைந்து ரத்தம் உறைவது. ஸ்டாட்டின் அதைத்தான் தடுக்கிறது. வால்விலோ, செல்களே எலும்பு உண்டாக்கும் செல்களைப் போல மாறிவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் கொலஸ்ட்ரால் குறைந்து பெரிய பயனில்லை. பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ் உள்ளவர்களுக்கு (நூற்றில் ஒருவர், இருவர்) வால்வு பல வருடம் முன்னாடியே கெட்டியாவதும் இதைத்தான் சொல்கிறது: இழுவிசையும் ஒரு காரணி. இன்னொன்று லிப்போபுரோட்டீன்-ஏ. மரபணு வழி வருவது. வால்வுக் கால்சியத்துக்கு அது காரணமாகலாம் என 2013-இல் மரபணு ஆதாரம் கிடைத்தது. ஸ்டாட்டின் அதைக் குறைப்பதில்லை.

தமனிக்காக டாக்டர் கொடுத்த ஸ்டாட்டினை இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க. அதன் வேலை வேறு. மேடு ஏறும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் ஒரு எக்கோ. கடுமையாகச் சுருங்கி, இந்த அறிகுறிகளும் வந்துவிட்டால், வால்வை மாற்றாதவர்களில் பலர் இரண்டு மூன்று வருடம் தாண்டுவதில்லை. மாற்ற இப்போது எல்லோருக்கும் நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடை வழியாகக் குழாய் விட்டும் பொருத்துகிறார்கள்.