பஞ்சர் ஒட்டுமுன் முள்ளைத் தேடுங்கள்

மொத்த வியாபாரம் செய்யும் நான் சைக்கிள் பஞ்சரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இன்று நமது செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்தில் மினி லாரியும் ஸ்கூட்டரும் சரக்கு ஏற்றிச் செல்கின்றன. ஆனாலும் பக்கத்துத் தெருக்களுக்குச் சாமான் கொடுத்து வர சைக்கிளை வைத்திருக்கும் கடைகள் இன்னும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1977-ஆம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தில் ஒரு கடைக்கு மிளகாயும் மல்லியும் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஒரு கல்யாணச் சமையலுக்கு அந்தச் சரக்கு தேவைப்பட்டது. பாதி வழியில் பின் சக்கரம் பஞ்சர். சாலையோரத்தில் ஒருவர் ஒட்டிக் கொடுத்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தியது நான்தான். ஒரு மைல் போவதற்குள் அதே இடத்தில் மீண்டும் பஞ்சர். ஒடிந்த சீமைக் கருவேல முள் டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், சமையற்காரர் வேறு கடையில் சரக்கு எடுத்துவிட்டார். அந்தக் கடைக்காரர் பிறகு எங்களிடம் வாங்கவே இல்லை. என் தந்தையார் சொன்னார்: "பஞ்சருக்குக் கொடுத்த காசைச் செலவுல எழுதிடலாம். போன வாடிக்கையை எந்தப் பக்கத்துல எழுதுவே?"

அன்றும் முன்பும்

காற்றடைத்த டயர் வருமுன் சைக்கிளுக்குக் கெட்டி ரப்பர் டயர்தான். அதில் பஞ்சர் கிடையாது. ஆனால் உடம்பு குலுங்கிவிடும். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சவாரி சுகமானது; பஞ்சரும் கூடவே வந்தது. அப்போது டயரை ரிம்மோடு ஒட்டியே வைத்திருந்ததால் பழுது பார்ப்பது பெரும்பாடு. பிரான்சில் மிஷெலின் சகோதரர்கள் 1891-இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டு வந்தார்கள். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர் இன்று நிமிடக் கணக்கில் டயரைக் கழற்றி மாட்டுகிறார் என்றால், அதற்கு வழிவகுத்தது அந்த மாற்றம்தான்.

ஓட்டையே காரணத்தைச் சொல்லும்

காற்று இறங்கினால் முதலில் வால்வைப் பாருங்கள். எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். வந்தால் வால்வு டியூபை மாற்றினால் போதும். இல்லையென்றால் டியூபை வெளியே எடுத்து, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டை வெளிப்பக்கம் ஒன்றே இருந்தால் முள் அல்லது ஆணி. டியூபின் வால்வை ரிம்மின் வால்வுத் துளைக்கு நேராக வைத்துப் பார்த்தால், டயரில் முள் எங்கே என்று தெரியும். உட்புறத்தைத் துணியால் தடவுங்கள். முள் துணியில் மாட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், குறைந்த காற்றில் பாரம் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கியதால் டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் போக்ஸ் கம்பியின் முனையோ துருவோ குத்தியிருக்கும். ரிம் டேப்பை மாற்ற வேண்டும். உப்புக் காற்றடிக்கும் கடலோரத்தில், அதிலும் மீன் பெட்டித் தண்ணீர் சொட்டும் சைக்கிள்களில், இது அதிகம்.

பிறகுதான் ஒட்டு. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, ஈரம் போகும்வரை பொறுத்து, ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். சொல்யூஷன் என்பது எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைத்த ரப்பர். திரவம் ஆவியாகுமுன் ஒட்டினால் பிடிக்காது. அவசரக்காரர்களின் ஒட்டு விட்டுப்போவது இதனால்தான். அந்தத் திரவம் தீப்பற்றக் கூடியது. விளக்கருகில் வைக்கக் கூடாது.

வருமுன் காத்தல்

பாரம் ஏற்றுமுன் காற்றைப் பாருங்கள். வாரம் ஒருமுறை டயரைச் சுற்றிப் பார்த்து, குத்தியிருக்கும் முள்ளை உள்ளே இறங்குமுன் பிடுங்கி எறியுங்கள். வேலிக்குக் கருவேலம் வெட்டிய வழியில் இறங்கித் தள்ளிச் செல்வது உத்தமம். மளிகைக் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண்ணெய் சிந்தும் இடத்தில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி வலுவிழக்கும். வெயிலும் அதற்குப் பகை.

இப்போது டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவம் வந்திருக்கிறது. முள் குத்திய சிறு துளையை அது தானே அடைக்கும். பெரிய கிழிசலை அடைக்காது. நாளானால் காய்ந்தும் போகும். சொல்யூஷன் தடவாமலே ஒட்டும் ஒட்டுகளும் கிடைக்கின்றன. வழியில் கைகொடுக்கும், பாரம் ஏற்றும் வண்டிக்கு அவற்றை நம்பியிருக்கக் கூடாது.

எந்த ஒட்டு வந்தாலும் முள் உள்ளே இருந்தால் பயனில்லை. சரக்கோடு ஆளை அனுப்புமுன் இதைச் சொல்லி அனுப்புங்கள். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் அன்று எங்கள் வாடிக்கை போயிருக்காது.