வயதும் ஒரு சிறுகோடும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கண்டுவந்த இரு மாணவர்கள் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் “1300 ஆண்டுக் கோயில்” என்கிறார். மற்றவர் “1300-ஆம் ஆண்டுக் கோயில்” என்கிறார். இடையே புகுந்தவை ஒரு சிறுகோடும் ‘ஆம்’ என்னும் ஈறும்தான். ஆயினும் இரண்டாமவர் கோயிலின் வயதில் ஏறத்தாழ 600 ஆண்டுகளைக் குறைத்துவிட்டார்! அதனைக் கட்டுவித்த பல்லவ மன்னன் இராசசிம்மனின் காலம் 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியாகும். முதல் தொடர் வயதைக் கூறுகிறது. அடுத்தது ஆண்டு வரிசையில் ஓர் இடத்தைக் காட்டுகிறது.

மனிதர் வயதிலும் இவ்வேறுபாடு உண்டு. 8-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது கழிந்திருப்பவை 7 நூற்றாண்டுகளே. அதுபோல, 18-ஆவது வயதில் இருப்பவருக்கு நிரம்பியவை 17 ஆண்டுகளே. ‘பதினெட்டு நடக்கிறது’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வாக்குரிமை பெறுவதற்கோ 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் (1989-க்கு முன் இது 21). “18-ஆவது வயதில் வாக்குரிமை” என்று எழுதுபவர் ஓராண்டு முந்திவிடுகிறார்.

ஆகவே, இலக்கத்தோடு ஆம், ஆவது, க்கு போன்றவை சேரும்போது மட்டும் கோடு இடுக. ‘18 வயது’ என்பதற்குக் கோடு வேண்டா. ‘எட்டாம் நூற்றாண்டு’ என எழுத்தால் எழுதினாலும் வேண்டா.

ஆங்கிலத்தில் ‘ஐந்து வயதுச் சிறுவன்’ என்பதுபோல் வயது பெயருக்குமுன் அடையாக வந்தால், அடையிலுள்ள சொற்களைச் சிறுகோடுகளால் பிணைப்பர். ‘சிறுவனுக்கு வயது ஐந்து’ என்னும் பொருளில் வந்தால் கோடு இல்லை. தமிழில் அந்த வேலையை ‘வயதுச்’ என்பதன் ஈற்றிலுள்ள ஒற்றே செய்துவிடுகிறது. ஆங்கிலத்தைப் பார்த்து ‘5-வயது-சிறுவன்’ என்று எழுதுவது வீண் சுமை.

கோடு உண்மையிலேயே தொல்லை தருவது எல்லை கூறும்போதுதான். ‘6-7 வயது இருக்கும்’ என்பது வெறும் மதிப்பீடு. ‘ஆறேழு வயது’ என்றால் இன்னும் அழகு. ஆனால் ‘35-70 வயதினர்’ என்று ஒரு விதியில் எழுதினால், 35 நிரம்பியவர் சேர்வாரா? 70 ஆனவர்? கோடு வாய் திறப்பதில்லை.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டு ஊர்ச்சபை உறுப்பினருக்குத் தகுதி வகுக்கின்றன. கி.பி. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் என்றது. 921-இல் இது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ் என மாறியது. நிறுத்தக்குறிகளே இல்லாத அந்த எழுத்தில் ‘மேல்’, ‘கீழ்’ என்னும் சொற்கள் எல்லையைக் காத்தன. எழுபது ஆனவர் குடவோலைக்குத் தம் பெயரைத் தர முடியாது என்பது படித்தவுடனே விளங்கிவிடும்.