ஆடும் முன் சக்கரம்: டிராக்டர் முன் அச்சைக் கழற்றி மாட்டும் முறை

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம் வட்டாரங்களில் மேட்டுக்காட்டு உழவும் வண்டி ஓட்டமும் பெரும்பாலும் டிராக்டரை நம்பியே நடக்கின்றன. காலையில் காட்டில் கலப்பை இழுக்கும் டிராக்டர், மாலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ ஆலைக்குப் போகிறது. சரளை நிலத்தின் அதிர்ச்சியும், வரப்பு ஏறி இறங்கும் இடியும், தார்ச்சாலையின் வேகமும் கடைசியில் வந்து சேரும் இடம் முன் அச்சு. ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றத் தவறாத உழவர்களிலும் பலர், முன் அச்சுக்குக் கிரீஸ் வைப்பதை மறந்துவிடுகிறார்கள்.

நம் பகுதியில் கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறுகள் இன்னும் நிறைய உள்ளன. கிணற்று மேட்டில் திருப்பும்போது ஸ்டீரிங் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கோடை உழவு முடிந்து ஆடிப் பட்டம் தொடங்குமுன் கிடைக்கும் ஓய்வில் முன் அச்சைச் சோதித்து, தேவையானால் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அமைப்பு

மாட்டு வண்டியில் அச்சு திரும்புவதில்லை. மாடு திரும்ப, வண்டி முழுவதும் திரும்புகிறது. டிராக்டரில் அச்சு நேராகவே நிற்க, இரு முன் சக்கரங்களும் தனித்தனியே திரும்புகின்றன. இந்த ஏற்பாடு முதலில் குதிரை வண்டிக்காகத் தோன்றியது. 1818இல் இங்கிலாந்தில் ருடால்ஃப் ஆக்கர்மன் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இரு சக்கர இழுவை டிராக்டரில், அச்சின் இரு முனைகளிலும் செங்குத்தான குழல் உண்டு. அதற்குள் மேலும் கீழும் புஷ்கள் இருக்கும். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சிலின் செங்குத்துத் தண்டு இந்தப் புஷ்களில் சுழல்கிறது. கீழே உள்ள தாங்கு பேரிங் எடையைச் சுமக்கிறது. தண்டின் மேல் முனையில் ஸ்டீரிங் கை பொருத்தப்பட்டிருக்கும். கையையும் டைராடையும் இணைப்பது பந்து மூட்டு. பட்டறையில் டைராடு எண்டு என்பார்கள்.

சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் காணும் அமைப்பு சற்று வேறு. லாரியில் கிங்பின் தனி உருப்படி. அது அச்சின் கண்ணில் ஆப்புப் பின்னால் பூட்டப்பட்டிருக்கும். புஷ்கள் ஸ்டப் ஆக்சிலில் இருக்கும். ஆப்புப் பின்னை எடுக்காமல் கிங்பின்னைச் சம்மட்டியால் அடித்தால் பின்னும் கண்ணும் கெடும். லாரி மெக்கானிக்கிடம் டிராக்டரைக் கொடுப்பவர்கள் இந்த வேற்றுமையை நினைவில் கொள்ள வேண்டும்.

தேய்மானத்தை அறிவது எப்படி?

முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி வைக்கவும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டவும். ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்து ஆடினால் தேய்ந்தது புஷ். ஸ்டப் ஆக்சில் அசையாமல் ஹப் மட்டும் ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு ஒருவர் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது அசைக்க, மற்றவர் பந்து மூட்டின் மேல் கை வைத்துப் பார்க்கவும். மூட்டுக்குள் தட்டுப்பட்டால் அது மாற்ற வேண்டியது. பவர் ஸ்டீரிங் உள்ள டிராக்டரில் ஸ்டீரிங் எப்போதும் இலகுவாகவே இருப்பதால் இந்தத் தேய்மானம் கைக்குத் தெரியாது. டயர் ஒரு பக்கமாகத் தேய்வதே முதல் அறிகுறி.

கழற்றும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தவும்.

2. ஜாக்கியால் தூக்கியபின் தாங்கி அல்லது கனமான மரக்கட்டைகளின் மேல் இறக்கி வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கும். அவற்றை வைக்க வேண்டாம்.

3. சக்கரத்தை எடுத்தபின் ஹப் மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங் என்ற வரிசையில் எடுத்து, அதே வரிசையில் சுத்தமான துணி மேல் வைக்கவும். ஹப் வெளியே வந்துவிடும்.

4. பந்து மூட்டின் ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தவும். முழுவதும் எடுக்காமல் சில மரைகளில் விட்டு வைத்தால், மூட்டு விடுபடும்போது கீழே விழாது. மூட்டின் தண்டு ஆப்பு போலச் சரிவானது. அதனால்தான் இறுகப் பிடித்திருக்கிறது. மரை முனையில் அடித்தால் மரை நசுங்குமே தவிர மூட்டு வராது. ஸ்டீரிங் கையின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சம்மட்டியை அணை கொடுத்து, மறுபக்கம் சுத்தியலால் ஓங்கி ஓரிரு முறை அடித்தால் பிடி விட்டுவிடும். புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. கேஸ் வைத்துச் சூடாக்குவது கூடாது. மூட்டுக்குள் இருக்கும் கிரீசும் ரப்பர் உறையும் எரிவதோடு, இரும்பின் பதமும் போய்விடும்.

5. ஸ்டீரிங் கையும் தண்டும் சேருமிடத்தில் உளியால் அடையாளம் வெட்டிக்கொண்டு, போல்டைக் கழற்றிக் கையை மேலே எடுக்கவும். அதற்கு முன்பே ஸ்டப் ஆக்சிலுக்கு அடியில் ஒருவர் பிடிமானம் கொடுக்க வேண்டும். கை விலகியதும் அது கீழ்ப்புறமாக உருவி இறங்கும். எடை அதிகமாதலால் காலில் விழுந்தால் எலும்பு முறியும்.

6. தாங்கு பேரிங், வாஷர் எத்தனை, எந்த வரிசையில் இருந்தன என்று குறித்துக்கொள்ளவும்.

7. டைராடு எண்டை மாற்றுவதானால், எத்தனை சுற்றில் கழன்றது என எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றவும். சில டிராக்டர்களில் ஒரு முனை இடது மரை. சுற்றும் திசையைப் பார்த்துத் திருப்பவும்.

பொருத்தும்போது

புது புஷ்ஷின் துளை, கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக அமைய வேண்டும். திரும்பி அமைந்தால் எவ்வளவு கிரீஸ் அடித்தும் உள்ளே போகாது. ஒரு பருவத்திலேயே புது புஷ்ஷும் தேய்ந்துவிடும். புஷ் ஏற்றியபின் தண்டு கையால் சுழலும்படி இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் லேத் பட்டறையில் ரீமர் விட்டுச் சரி செய்யலாம்.

நட்டு இறுக்குவதில் இரண்டு முறைகள் உண்டு. இவற்றை மாற்றிச் செய்யக் கூடாது. பந்து மூட்டு நட்டை நன்கு இறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால், அடுத்த துளை வரை மேலும் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஹப் நட்டை, ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பின் சற்றுத் தளர்த்தி, தடையின்றிச் சுழலும் நிலையில் பின் போட வேண்டும். பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடுவதும், அதற்குப் பதில் ஆணி செருகுவதும் ஆபத்து.

கடைசியாக, இரு முன் சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தை ஹப் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் அளக்கவும். பொதுவாக முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். தங்கள் டிராக்டருக்குரிய சரியான அளவைக் கைப்புத்தகத்தில் பார்த்து டைராடைத் திருப்பிச் சரி செய்யலாம்.

வெல்டிங் வேண்டாம்

ஸ்டப் ஆக்சிலில் மயிரிழை விரிசல் கண்டாலும் அதை மாற்றியே ஆக வேண்டும். செலவை மிச்சப்படுத்த வெல்டிங் வைத்தால், அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மீண்டும் ஒடியும். அது காட்டில் ஒடிந்தால் ஒரு நாள் வேலை போகும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் சாலையில் ஒடிந்தால் உயிர் போகும்.

இத்தனை வேலையையும் தள்ளிப்போடுவது கிரீஸ்தான். மண்ணில் வேலை செய்த அன்றே நிப்பிளைத் துடைத்து, அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அடித்தால், எடை தாங்கும் பக்கத்துக்கும் கிரீஸ் போய்ச் சேரும்.

வாடகை உழவை நம்பிக் கடனில் டிராக்டர் வாங்கியவருக்கு, பட்டம் தவறினால் தவணையும் தவறும். புஷ்ஷின் விலை ஸ்டப் ஆக்சிலின் விலையில் சிறு பங்குதான். டிராக்டர் பட்டறையில் நிற்கும் நாட்களில் அவசர உழவு இருந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆட்டம் சிறிதாக இருக்கும்போதே கவனித்து, உழவர் பெருமக்கள் பெருஞ்செலவையும் விபத்தையும் தவிர்த்துக்கொள்ளலாம்.