படத்தைச் சொல்லி மனசைச் சொன்னார்கள்

சினிமா பார்த்து அழுகிற பெண்களைக் கேலி செய்யாத வீடு உண்டா? எங்கள் வீட்டில், "காசையும் குடுத்து அழுதுட்டு வர்றாளுக" என்பார் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் இந்த ஆண்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. வீட்டில் நேராகச் சொல்ல முடியாததைப் படத்தில் வருகிறவள் மேல் ஏற்றிச் சொல்லிவிடலாம். கோபித்துக்கொண்டால், "நான் படத்தைத்தானே சொன்னேன்" என்று நழுவிக்கொள்ளலாம். என் அம்மாவும் மாமியாரும் அப்படிச் சொன்னதை இந்தப் பகுதியின் சகோதரிகளிடம் பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன கிராமம். வாழ்க்கைப்பட்டது காரியாபட்டி. இரண்டும் மானாவாரி பூமிதான். மழை பெய்தால் கம்பும் பருத்தியும். பெய்யாவிட்டால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். கோடையில் ஊருணி வற்றிவிட்டால் ஓடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரி ஒரு குடம் நிரப்புவதற்குள் விடிந்துவிடும். அந்தக் குடத்தை எந்த ஆம்பளை தலையிலும் நான் பார்த்ததில்லை.

கே. பாலசந்தரின் 'தண்ணீர் தண்ணீர்' வெளிவந்தது 1981-ல். கோமல் சுவாமிநாதன் எழுதிய நாடகம்தான் படமானது. அந்த வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குத்தான். எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எனக்கு அப்போது பதினாறு வயசு. பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கி அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அத்திப்பட்டி என்று ஒரு ஊர். குடிக்கத் தண்ணீர் இல்லை. செவந்தியாக வரும் சரிதா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியம்மா, "இதுக்கா டிக்கெட்டு? நம்ம காலையில நடக்கறதுதானே!" என்றார். கொட்டகையே சிரித்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் அப்பா சாப்பிடும்போது குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த அத்திப்பட்டியில எவனோ ஊர் பேர் தெரியாதவன். அவன் வண்டி கட்டித் தண்ணி கொண்டாந்து ஊத்துறான். சில ஊர்ல மாடும் வண்டியும் வாசல்ல சும்மாவே நிக்குது." அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா, "படத்துல சொன்னேன்" என்று உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் எங்கள் வண்டியில் ஒரு பீப்பாய் ஏறியது. அந்தக் கோடை முழுக்க அப்பாதான் பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். பத்து வருஷமாக அம்மா நேராகக் கேட்டு நடக்காத காரியம்!

மாமியார் விஷயம் வேறு மாதிரி.

எனக்கு மூன்றும் பெண். மூன்றாவது பிறந்தது 1994-ல். அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, பிள்ளையைத் தூக்கவில்லை. வையவும் இல்லை. வைதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தொட்டில் பக்கமே வராமல் நாலு மாசம் வீட்டுக்குள் நடமாடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களைக் கொல்வது பத்து வருஷமாகவே பேப்பரில் அடிபட்டது. அரசாங்கம் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டமும் தொடங்கியிருந்தது. ஆனால் எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. படம் வந்ததும் தெருவே அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறியது. அத்தையும் கிளம்பினார்கள். எனக்கு ஆச்சரியம். கைக்குழந்தையோடு நானும் போனேன்.

படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பெரியார்தாசன் நடித்த அந்த அப்பன், பிறந்த பெண்ணைக் கொல்லச் சொல்லிக் கொடுத்துவிடுகிறான். ஒரு வாத்தியார் அதைக் காப்பாற்றி எடுத்துப்போய் வளர்க்கிறார். அது படித்து டாக்டராகி அதே ஊருக்கு வருகிறது. படுக்கையில் விழுந்த அப்பனுக்கே வைத்தியமும் பார்க்கிறது. ஸ்வர்ணலதா பாடிய சோகப் பாட்டு வந்தபோது (அதற்கு அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது) தியேட்டரில் மூக்கை உறிஞ்சாத பெண் இல்லை. அத்தை மட்டும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் மருத்துவச்சியைத் திட்டித் தீர்த்தார்கள். அத்தை திடீரென்று, "அவளை மட்டும் வையாதீக. செய்யச் சொன்னது யாரு? பெத்தவகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாகளா?" என்றார்கள். பஸ் அமைதியானது. கல்குறிச்சி தாண்டும்போது, "ஒனக்குக் கை வலிக்கும், இங்க குடு" என்று என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். அதுதான் முதல் தடவை.

ரெண்டு மூணு நாள் கழித்து, மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அத்தை பருத்தி பிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் படப் பேச்சு. "அந்தப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார் வந்தாரு" என்றார்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க வீட்டுக்கு எந்த வாத்தியாரும் வரலத்தா. மூணு நாள் இருந்துச்சு. நல்ல செவப்பு" என்றார்கள்.

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. பருத்தியைப் பிரித்து முடித்துவிட்டு, தொட்டிலை ஆட்டப் போய்விட்டார்கள். நாலு மாசம் அந்தத் தொட்டிலை ஏன் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அதைப் பெண் பிள்ளை மேல் வெறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு என் மூன்றாவது மகளை வளர்த்தது முழுக்க அத்தைதான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது எல்லாம். பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "அது படிக்கும்" என்று அத்தை சொன்னதோடு பேச்சு முடிந்தது. அவள் காலேஜ் போகும் முன்பே அத்தை தவறிவிட்டார்கள்.

'தென்மேற்குப் பருவக்காற்று' 2010-ல் வந்து, சரண்யாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. டி.வி.யில் அந்தப் படம் ஓடியபோது, "இந்த வீராயியா வர்ற அம்மாதான் கருத்தம்மாவுல அக்கா பொன்னாத்தா" என்றேன். "அப்பத்தாவுக்குப் பிடிச்ச படம்னு சொல்வீங்களே, அதுவா?" என்றாள் மகள். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "ரெண்டு பேரும் ஆரம்பிச்சாச்சா, துண்டு எடுத்துட்டு வரவா?" என்று வழக்கம் போலச் சிரித்தார்.

வீட்டில் தலைப்பிள்ளை தான்தான் என்று அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் இந்தக் கடிதத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகி, காரியாபட்டி.