தண்ணீரில் விளையும் ஊடை!

பட்டுச் சேலை நெய்யப் பட்டுநூல் வேண்டும். பாய் நெய்ய என்ன வேண்டும்? கோரை வேண்டும்!

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் தேவிகாபுரமும் ஒன்று. அதே திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி, கோரைப் பாய்க்குப் பெயர் போனது. இரண்டும் நெசவுதான். சேலைக்குப் பாவும் பட்டு, ஊடையும் பட்டு. பாய்க்கோ பாவு நூல், ஊடை கோரை.

புல் அல்ல!

கோரையைப் பார்த்தால் புல் போல இருக்கும். ஆனால் அது புல் இனம் அல்ல. புல்லின் தண்டைத் தடவினால் கணு தட்டும். கோரைத் தண்டில் கணு கிடையாது. அதனால் அடி முதல் நுனி வரை நேராகக் கிழிக்கலாம். உழவரை வாட்டும் கோரைக் களையும் இதற்கு உறவுதான்!

ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம், ஏரிச் சதுப்பு என்று ஈரம் நிற்கும் இடத்தில் கோரை செழிக்கும். மண்ணுக்குள் கிழங்கு படரும். மேலே அறுத்தாலும் மறுபடி துளிர்க்கும். காவிரிக் கரையில் முசிறி, கரூர் பக்கம் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். ஒரு முறை நட்டால் பல ஆண்டு அறுக்கலாம்.

பட்டோடு சேர்ந்த கோரை

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழிக்கிறார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பட்டு நூலே பாவு! துணி போல மடிக்கலாம். மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாயும் உண்டு. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஆனால் பெயர் மட்டும் வயிற்றை நிரப்புமா? பிளாஸ்டிக் பாய் மலிவாக வருகிறது. ஒரு நல்ல பாய்க்குப் பல நாள் உழைப்பு. அதற்கேற்ற கூலி இல்லாவிட்டால், தாய் செய்த தொழிலுக்கு மகள் வருவாளா? தறிக்காரர் வீட்டுக்கு இந்தக் கவலை புதிதல்ல. ஈர நிலம் வறண்டாலோ, ஊடையே இல்லை!

பிளாஸ்டிக் பாய் கிழிந்தால் குப்பை, மக்காது. கோரைப் பாய் மண்ணோடு மண்ணாகும். வாங்கினால் ஈரம் படாமல் காப்பாற்றுங்கள். நனைந்தால் உடனே உலர்த்துங்கள். மடக்காமல் சுருட்டி வையுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பாய் நெடுநாள் உழைத்தால், அடுத்த பாயும் தறியில் ஏறும்!